பருப்பு பொறுக்கும் அறை

என் மனைவி ஷ்மூனிக்கு நாற்பதாம் நாள் திருப்பலி முடிந்த அன்று, எங்கள் பங்குக்குரு அபூனா அஃப்ராம் என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார். முகாமில் கோயிலாக வைத்திருந்த பெரிய கேரவனுக்குப் பின்னால் இன்னொரு சின்னக் கேரவன் இருந்தது. திருவுடைகளும் மெழுகுத்திரிப் பெட்டிகளும் அடுக்கியிருந்த அந்தத் தகர அறையின் சாவிதான் அது. ஆயிரத்துச் சொச்சம் தகர அறைகள் இருந்த இடத்தில், யாரும் குடியிருக்காத, உள்ளிருந்து தாழ் போடக்கூடிய அறை அது ஒன்றுதான். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தச் சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. எத்தனையோ தம்பதிகளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். என் சொந்த மகன் கஸ்வானும் மருமகள் ஃபாதினும் பிரிகிற கட்டத்துக்கு வந்தபோது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

ஆயுதக்கும்பல் வருகிறதென்று எங்கள் ஊர் கரகோஷிலிருந்து அந்த ஆகஸ்டு மாதம் கிளம்பி, அன்காவா நகரத்துக்கு அகதிகளாக வந்தவர்கள் நாங்கள். முதல் ஐந்து மாதம், கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் கூடத்தில் நாற்பது குடும்பங்களோடு இருந்தோம். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு போர்வை தொங்கும், அவ்வளவுதான். போர்வைக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் நீட்டுவோம். ஷ்மூனி என்னிடம் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், கேட்க வேண்டுமென்று யாருக்கும் எண்ணமில்லாவிட்டாலும், சுற்றிலும் பேச்சு தானாக அடங்கிவிடும். அவளும் வாயை மூடிக்கொள்வாள். சிறுநீரகம் பழுதாகி மெலிந்துகொண்டே வந்தாள். ஒருநாள் மாத்திரை கொடுத்தபோது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "கதவு இருக்கிற எடம் ஒண்ணு கெடைக்கட்டும், சொல்றேன்" என்றாள். எங்களுக்குக் கேரவன் ஒதுக்குவதற்கு மூன்று வாரம் முன்னால் போய்விட்டாள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தியவன் நான். என் மனைவி எதைச் சொல்ல இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தபோது இதை அபூனாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நாற்பதாம் நாள்தான் பதில் வந்தது.

"வாத்தியாரே, பாவசங்கீர்த்தன வரிசை கேட் வரைக்கும் நிக்குது. இவ்வளவு பாவம் பண்ண இந்த முகாம்ல எடம் ஏது? புருஷன்கிட்ட சொல்ல வேண்டியதை இவங்க என்கிட்ட சொல்றாங்க. பொண்டாட்டிகிட்ட சொல்ல வேண்டியதை அவங்க என்கிட்ட சொல்றாங்க. நான் ஒரு வார்த்தையை அந்தப் பக்கம் கொண்டுபோக முடியுமா? முடியாது. அப்ப அது போய்ச் சேரவே சேராது."

திருவுடைப் பெட்டிகளைச் சுவரோரமாகத் தள்ளி, இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, மண்ணெண்ணெய் ஹீட்டர், தேநீர்க் கெட்டில் என்று வைத்தோம். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு நான்கு தம்பதிகள், ஜோடிக்கு ஒரு மணி நேரம். படுக்கை வைக்கலாமா கூடாதா என்று மாதர் சங்கத்தில் இரண்டு வாரம் விவாதம் நடந்தது. அபூனா அந்த இரண்டு வாரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் மெழுகுத்திரிப் பெட்டிகளுக்குப் பின்னால் சுருட்டிய மெத்தை ஒன்று இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் முதல் பத்து நாள் ஒருவரும் வரவில்லை. ஊர் பார்க்க, பட்டப்பகலில், புருஷனும் பெண்டாட்டியும் ஓர் அறைக்குள் போய்த் தாழ் போடுவதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் சமையற்கூடத்தை நடத்திய பஸீமா. நிவாரண மூட்டையில் வரும் பருப்பில் கல் அதிகம். இனிமேல் கல் பொறுக்கும் வேலை அந்த அறையில்தான் நடக்கும், தம்பதியாக வந்துதான் பொறுக்க வேண்டும் என்று அவள் அறிவித்துவிட்டாள். பட்டியலில் 'பருப்பு பொறுக்க' என்று எழுதி, பெயரும் நேரமும் போடுவேன். அகலத் தட்டில் பருப்பை நிறைத்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து வருவார்கள். கோயில் வேலைக்குப் போகிறவர்களை யார் என்ன சொல்ல முடியும்? நான் திறந்துவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகள் வந்து தகரத்தைத் தட்டாமல் பார்த்துக்கொள்வேன்.

பருப்பு போனபடியே திரும்பி வந்தது. தவக்காலத்தில் தினமும் பருப்பு சூப்தான். கடைவாய்ப் பல் உடைந்தவர்கள்கூட உண்டு. சூப்பில் கல் கடித்தால் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "இந்த வாரம் முகாம்ல சமாதானம் ஜாஸ்தி" என்பார்கள். பஸீமா அகப்பையை ஆட்டிக்கொண்டு, கல்லைத் துப்பிவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள் என்பாள்.

மூன்று மாதத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. சண்டை போட்டவர்கள், அழுதவர்கள், சிரித்தவர்கள் எல்லோருடைய தட்டும் கல்லோடுதான் திரும்பும். எப்போதாவது ஒரு தட்டு சுத்தமாக வரும். ஒரு கல் இருக்காது. பொறுக்கிய கல் ஓரத்தில் குவியலாக இருக்கும். அந்த இரண்டு பேரும் ஒரு மணி நேரமும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அபூனாவிடம், இன்னாருடைய தட்டு சுத்தமாக வந்தது என்று மட்டும் சொல்வேன். மறுநாள் அவர் அந்தக் கேரவனுக்குத் தேநீர் குடிக்கப் போவார். அதற்கு மறுநாளும் போவார். கதவு தட்டாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வாயிலிருந்து ஏதாவது வரும்வரை எழுந்திருக்க மாட்டார். எங்கள் பங்கில் குடும்பங்களுக்கான ஊழியம் என்று நடந்தது இவ்வளவுதான்.

இத்தனையும் நடந்தபோது என் கேரவனில் ஐந்து பேர் இருந்தோம். நான், கஸ்வான், ஃபாதின், இரண்டு பேத்திகள். அறைக்குக் குறுக்கே ஒரு கயிறு, கயிற்றில் ஒரு போர்வை. போர்வைக்கு இந்தப் பக்கம் என் கட்டில். அந்தப் பக்கம் அவர்கள் நான்கு பேர். கஸ்வான் ஊரில் மின்சார வேலை பார்த்தவன். முகாமில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொண்டான். அதிகம் பேசாதவன், என்னைப் போல. ஃபாதின் கலகலப்பானவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்று ஷ்மூனி பெருமையாகச் சொல்வாள்.

அவள் எப்போது சிரிப்பதை நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை. அவர்கள் பேசிக்கொள்வது பேத்திகள் வழியாக என்பதை மட்டும் ஒருநாள் கவனித்தேன். "அப்பாகிட்ட சொல்லு, மண்ணெண்ணெய் தீந்துருச்சு" என்பாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். "அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு வாங்கிட்டு வரேன்" என்பான். மூத்தவளுக்கு ஒன்பது வயது. எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே இருப்பாள். சொல்ல வேண்டிய தேவை இல்லையென்று அவளுக்கே தெரியும்.

பட்டியலில் என் மகன் பெயர் ஏன் வரவில்லை என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. அவர்களுக்குத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். என் மகன் என்னிடம் வந்து, அப்பா எனக்கும் என் பெண்டாட்டிக்கும் அந்த அறையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பானா? மருமகள் மாமனாரிடம் கேட்பாளா? அப்படிக் கேட்பதைவிட எங்கள் ஊர்க்காரர்கள் பட்டினி கிடந்துவிடுவார்கள். முகாமில் அந்த அறையைக் கேட்க முடியாத ஒரே தம்பதி அவர்கள்தான். காரணம் நான்தான். இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

புரிந்தது தவக்காலத்தின் ஐந்தாவது வாரத்தில். கஸ்வான் வேலைக்குப் போயிருந்தான். பேத்திகள் கூடாரப் பள்ளிக்கூடத்தில். ஃபாதின் போர்வையைக் கொஞ்சம் விலக்கி நின்றாள்.

"மாமா, சர்ச்சு சர்ட்டிபிகேட்டெல்லாம் உங்க ஃபைல்லதானே இருக்கு?"

"ஆமாம்மா. எதுக்கு?"

"ஞானஸ்நான சர்ட்டிபிகேட் வேணும். அம்மான்ல கேப்பாங்களாம். அண்ணன் சொல்லுச்சு."

அவளுடைய அண்ணன் நஷ்வான் ஒரு வருஷமாக ஜோர்டானில், அம்மான் நகரத்தில் இருந்தான். ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போட்டிருந்தான். தங்கை குடும்பத்தையும் சேர்க்கலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் பெட்டிக்கடியிலிருந்து ஃபைலை எடுத்துப் பிரித்தேன்.

"நாலு பேருக்கும்தானே?"

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். பிறகு இன்னொரு முறை மடித்தாள்.

"மூணு பேருக்கு மாமா. எனக்கும் புள்ளைங்களுக்கும். ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை கெளம்புறோம்."

பிள்ளைகளை நாட்டைவிட்டுக் கூட்டிப் போகத் தகப்பனின் சம்மதப் பத்திரம் வேண்டும். அதைக் கேட்டேன். "கையெழுத்துப் போட்டுட்டார்" என்றாள். "எதுக்குன்னுகூட கேக்கல. பேனாவை வாங்கிப் போட்டுட்டுக் குடுத்துட்டார்."

மூன்று காகிதங்களை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போர்வையைப் பழையபடி இழுத்துவிட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் ஜெபமாலையை எடுத்துக் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

அன்றே அபூனாவிடம் போனேன். அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு பேருமே தன்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள், இதில் தான் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது, தெரியும் என்றோ தெரியாது என்றோகூடச் சொல்ல முடியாது என்றார். அப்படியென்றால் அவர்களைப் பட்டியலில் போடுங்கள், நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள், குரு சொன்னால் தட்ட மாட்டார்கள் என்றேன். பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுதினார். வெள்ளிக்கிழமை, நான்கு மணி.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஃபாதின் தட்டைப் பிடித்திருந்தாள். கஸ்வான் நான்கடி பின்னால் வந்தான், கையில் இன்னும் கிரீஸ். நான் திறந்தேன். உள்ளே ஹீட்டர் போட்டிருக்கிறேன், தேயிலை டப்பாவில் ஏலக்காய் இருக்கிறது என்றெல்லாம் மற்றவர்களிடம் சொல்வதைப்போலவே சொன்னேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். தாழ் விழும் சத்தம் கேட்டது. நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரமும் என் மகன் வீட்டுக்கு நானே காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். ஒரு பந்தைக்கூட அந்தப் பக்கம் உருள விடவில்லை.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. ஃபாதின் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பருப்பு பளபளவென்று இருந்தது. ஒரு கல் இல்லை. ஒரு தூசி இல்லை. உடைந்த பருப்பைக்கூடத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள்.

அதைச் சமையற்கூடத்துக்கு எடுத்துப் போனேன். பஸீமா கையை விட்டு அளைந்து பார்த்தாள்.

"யாரு இப்படிப் பொறுக்கினது? சம்பளம் போட்டு வேலைக்கு வச்சுக்கலாம் போலருக்கே."

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். தட்டை வாங்கிப் பானையில் கொட்டினாள். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

வழக்கம்போல அபூனாவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அன்று பெயரைச் சொல்லவில்லை. "தட்டு சுத்தமா வந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். பிறகு கையை நீட்டினார். "அடுத்த வெள்ளிக்கிழமையும் அவங்க வரட்டும். அன்னைக்கு நீங்க வேண்டாம். சாவியை என்கிட்ட குடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒட்டுக் கேட்கிறவனா என்று கேட்டேன். ஒரு வருஷத்தில் ஒருவர் வீட்டு விஷயம் என் வாயிலிருந்து வெளியே போயிருக்கிறதா என்று கேட்டேன். அவர் குரல் உயரவே இல்லை.

"அது தகரம் வாத்தியாரே. ஒட்டுக் கேக்கணும்னு அவசியமே இல்ல. உக்காந்திருந்தாலே போதும்."

"மத்தவங்கல்லாம் பேசினாங்களே. நான் இருக்கும்போதுதானே பேசினாங்க."

"மத்தவங்களுக்கு நீங்க அப்பா இல்ல."

சாவியை மேசையில் வைத்தேன். வைத்த வேகத்தில் அது கீழே விழுந்தது. எடுக்காமல் வந்துவிட்டேன்.

அந்த வாரம் போல ஒரு வாரத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, ஷ்மூனி போன வாரம் உட்பட. அவள் போன வாரம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்த வாரம் எனக்கு உட்கார ஓர் இடமில்லை. கேரவனில் உட்கார்ந்தால் ஃபாதின் பெட்டி கட்டுவது தெரியும். பேத்திகளின் குளிர்ச் சட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தாள், எடுத்துப் போக ஒன்று, யாருக்காவது கொடுக்க ஒன்று. வெளியே உட்கார்ந்தால், என்ன வாத்தியாரே இன்றைக்குக் காவல் இல்லையா என்று கேட்பார்கள். முகாமைச் சுற்றி நடந்தேன். சுற்றி நடக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆகும். அபூனா சொன்னதை நினைத்துக் கோபப்படுவேன். மூன்றாவது சுற்றில் கோபம் தீர்ந்துபோகும். அந்தப் போர்வை ஞாபகம் வரும். கூடத்தில் ஷ்மூனியும் நானும் வாயடைத்துக் கிடந்தோமே, அப்போது அந்தப் பக்கத்துக் குடும்பம் கெட்டவர்களா? நல்லவர்கள்தான். சூப் கொடுத்தார்கள். அவர்கள் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த தவறு. ஒன்றரை வருஷமாக என் மகனுக்கு நான் அந்தப் பக்கத்துக் குடும்பமாக இருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே முகாமைவிட்டு வெளியேறினேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஷ்மூனியின் பக்கத்தில் நின்றேன். மழை வந்தது. சுவரோரம் ஒதுங்கி நின்றுவிட்டு, ஐந்தரைக்கு மேல் எல்லாம் முடிந்திருக்கும் என்று திரும்பினேன்.

முடியவில்லை. அடுத்த முறைக்குப் பெயர் கொடுத்திருந்த நுஹாதும் அவன் மனைவியும் சமையற்கூடத்துத் தாழ்வாரத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸீமா எனக்கும் ஒரு கண்ணாடி டம்ளரில் தேநீர் ஊற்றினாள்.

"இன்னும் வெளிய வரல. நீங்க பாட்டுக்கு டீயைக் குடிங்க. இவங்களுக்கு என்ன அவசரம், கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. நாற்பது அடி தள்ளி, மழைச் சத்தத்துக்கு மேலே, ஃபாதினுடைய குரல்.

"உங்க அப்பாவ விட்டுட்டு வாங்கன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா? சொல்லியிருப்பேனா? நீங்களா நெனைச்சுக்கிட்டீங்க. ரெண்டு பேர்ல யாருன்னு நான் கேட்டுருவேன்னு பயந்து, கேக்குறதுக்கு முன்னாடியே என்னை அனுப்பிவைக்கக் கையெழுத்துப் போட்டுட்டீங்க."

பஸீமா சட்டென்று ஒரு பெரிய பானையை இழுத்து, கம்பி நாரை வைத்து வறட் வறட்டென்று தேய்க்க ஆரம்பித்தாள். நுஹாதின் மனைவி தன் தட்டிலிருந்த பருப்பைக் குனிந்து பார்த்தாள். கஸ்வான் ஏதோ பதில் சொன்னான். அவன் குரல் உடைந்திருந்தது தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. இன்னும் பத்தடி நடந்தால் தெரியும். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்த வழியே கேட்டுக்கு வெளியே போனேன். கடைத்தெருவில் ரொட்டி அடுப்புக்காரன் பக்கத்தில், அவன் கடையை மூடும்வரை நின்றேன்.

நான் வந்தபோது அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். இளைய பேத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், மூத்தவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஃபாதினின் கண் வீங்கியிருந்தது. "ஹீட்டரைக் கொஞ்சம் தள்ளி வைங்க, மாமா நனைஞ்சு வந்திருக்கார்" என்று அவள் கஸ்வானைப் பார்த்துச் சொன்னாள். நேராக அவனைப் பார்த்து. மூத்த பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவை ஒருமுறை பார்த்தாள்.

ஆனால் பெட்டி கட்டியபடியேதான் இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டார்கள், ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது, அதோடு காரியம் முடியவில்லை. அவள் அண்ணன் போட்ட மனுவில் அவள் குடும்பத்துக்குத்தான் இடம். மாமனாருக்கு இல்லை. கஸ்வான் என்னை விட்டுப் போக மாட்டான். அவன் சொல்ல மாட்டான், ஃபாதினும் இனி கேட்க மாட்டாள். இன்னும் பத்து நாளில் ஈஸ்டர். யாரும் யாரையும் குறை சொல்லாமல், ஒருவரை ஒருவர் நேசித்துக்கொண்டே, அவள் பிள்ளைகளோடு அங்கேயும் அவன் என்னோடு இங்கேயும் இருந்துவிடுவார்கள். அப்படிப் பிரிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் என்று சொல்லிப் போவார்கள்.

மறுநாள் காலையில் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போனேன். கஸ்வான் ஒரு வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய ஞானஸ்நானக் காகிதத்தை எடுத்துப் போயிருந்தேன். எண்ணெய் படாத இடமாகப் பார்த்து ஒரு பலகையில் வைத்தேன்.

அதைப் பார்த்தான். வேலையை நிறுத்தவில்லை.

"நீங்க என்ன பண்ணுவீங்கப்பா?"

"எனக்கு இங்க வேலை இருக்கு. சாவி இருக்கு."

"சாவியத்தான் அபூனாகிட்ட தூக்கிப் போட்டுட்டு வந்துட்டீங்களே. முகாமே பேசுது."

"திருப்பி வாங்கிக்குவேன். அவருக்கு என்ன, வேற ஆளா இருக்கு?"

அவன் சிரித்தான் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. ஜெனரேட்டர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அவனைத் தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்கே தெரியாது. கையை அவன் முதுகில் வைத்தேன்.

"உங்கம்மா இருந்தா உன்னை அடிச்சு அனுப்பியிருப்பா" என்றேன். "நான் அடிக்கத் தெரியாதவன். நீயாப் போ."

உன் மனைவிதான் உனக்கு முதலில், நான் அதற்கப்புறம்தான், கல்யாணத்தில் குருவானவர் உங்கள் தலையில் கிரீடம் வைத்தபோது நானும் அங்கேதான் நின்றேன் என்றெல்லாம் சொல்ல நினைத்துப் போயிருந்தேன். சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாததில்லை.

அன்று மாலை ஃபாதின் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்களும் வாங்க மாமா. அண்ணன்கிட்ட நான் பேசுறேன். சண்டை போட்டாவது எழுத வைக்கிறேன். உங்களை நான் பாரமா நெனைச்சதே இல்ல."

"தெரியும்மா."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரியும் என்றேன். மழையில் கேட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஷ்மூனியை இங்கே தனியாக விட்டு வர முடியாது என்றேன். அது பாதி உண்மை. எனக்கு அறுபத்தொன்பது வயது, அந்த ஊர் மொழி தெரியாது, அங்கே போனாலும் அவர்கள் வீட்டில் குறுக்கே ஒரு போர்வை தொங்கும் என்பது மீதிப் பாதி. அவள் என் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டு, ஷ்மூனி வைத்திருந்த மாதிரியே என் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து டப்பாவில் போட ஆரம்பித்தாள். இரண்டு மாதத்துக்கு வருமளவுக்குப் போட்டாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை நான்கு பேரும் போனார்கள். காகித வேலையை நஷ்வான் தொலைபேசியிலேயே கெஞ்சிக் கூத்தாடி முடித்திருந்தான். வண்டி கிளம்பும்வரை மூத்த பேத்தி என்னிடம் பேசவில்லை. கிளம்பியதும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். அபூனா பக்கத்தில் வந்து நின்றார். வண்டி திரும்பியதும் சாவியை என் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கயிற்றையும் போர்வையையும் அவிழ்த்தேன். கேரவன் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒன்பது காலடி. பஸீமா தினமும் ஒரு கிண்ணம் அனுப்புவாள். ஒரு ஆளுக்கான கிண்ணம். சில நாள் வாய்விட்டு எதையாவது படிப்பேன், குரல் இருக்கிறதா என்று பார்க்க.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் அவர்கள் அம்மானிலிருந்து கூப்பிடுவார்கள். முதல் சில வாரம் எல்லோரும் என்னிடம் மிக மரியாதையாகப் பேசினார்கள், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று. ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, கஸ்வான் எனக்கு அவர்கள் பிடித்திருந்த வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு அறை, மாடியில் என்றான். பின்னாலிருந்து ஃபாதின் குறுக்கிட்டாள்.

"ரெண்டு அறைன்னு சொல்லாதீங்க. ஒரு அறை, ஒரு பொந்து."

"பொந்தா? நீதானே பார்த்துட்டுச் சரின்னு சொன்ன."

"நான் எங்க சொன்னேன்? வீட்டுக்காரன்கிட்ட தலையாட்டினது நீங்க. யாரு எதைக் கேட்டாலும் தலையாட்டுறது. நீட்டின எடத்துல கையெழுத்து."

"மறுபடி அந்தக் கையெழுத்தை எடுக்காத."

"எடுப்பேன். சாகுற வரைக்கும் எடுப்பேன்."

இளைய பேத்தி எதற்கோ சிரித்தாள். ஃபாதினும் சிரித்திருக்க வேண்டும், அது அடுத்த தெருவுக்குக் கேட்கிற சிரிப்பு. பிறகு மறுபடி சண்டை, வாடகை, தண்ணீர்த் தொட்டி, நஷ்வானுடைய மனைவி சொன்ன ஏதோ ஒன்று. தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த அறைக்கு நகர்ந்தன. நான் லைனில் இருப்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

அவர்கள் தனியாக இருக்கட்டும் என்று துண்டித்திருக்க வேண்டும். நான் துண்டிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, வார்த்தை புரியாத அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ குழாயைத் திறந்தார்கள். ஒரு கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. கூப்பிட்டவர்கள் அவர்கள், என் தொலைபேசியில் காசு தீர்ந்து லைன் தானாக அறுந்துபோக வழியில்லை. அதனால் நெடுநேரம் இருந்தேன்.